முதல் எழுத்துகள் நெருங்கிய சுவரொட்டி

தவராசாவைக் காட்டிக்கொடுத்தவன் நான்.

டென்மார்க் போய்வந்ததைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இந்த வாக்கியம்தான் வருகிறது. லண்டனில் நான் எழுதிவந்த தமிழ்ச் சஞ்சிகை கேட்டது வேறு. ஓல்போர்க் நகரில் அமெரிக்கர்களின் போர்க்கால வாழ்க்கையும் அதற்குப் பிந்திய வாழ்க்கையும் பற்றி ஒரு கண்காட்சி நடக்கிறது, சுவரொட்டி, உடுப்பு, சமையலறை எல்லாம் வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்த்து எழுதுங்கள் என்றார்கள். போனேன், பார்த்தேன். அதை மட்டும் எழுதினால் பொய் எழுதியவன் ஆவேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நான் யாழ்ப்பாணத்தில் சித்திர ஆசிரியர். இளமையில் புலமைப்பரிசில் பெற்று ஒரு வருடம் அமெரிக்காவில் சுவரொட்டிக் கலை படித்தவன். அங்கே கற்ற தடித்த எழுத்தையும் எழுத்துக்குப் பின்னால் விழும் நிழலையும் தமிழுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குப் பழக்கினேன். அவர்களில் கெட்டிக்காரன் தவராசா. இடதுகைக்காரன். மற்ற ஆசிரியர்கள் "கழுவுற கையாலயோடா எழுதுறாய்?" என்று அவன் விரல்களில் அடிமட்டத்தால் அடித்தபோது, நான் ஒருவன்தான் அவனை அந்தக் கையாலேயே எழுத விட்டேன்.

ஈர மையில் கை உரசாமல் இருக்க அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். வரியின் கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்துக்கு வருவான். மற்றவர்களுக்கு வரியின் கடைசியில் இடம் போதாமல் எழுத்துகள் நெருங்கும். அவனுக்கு முதலில் நெருங்கும்.

அவன் படித்து முடித்துச் சில வருடங்களின் பின், எண்பதுகளின் நடுவில், இராணுவம் பிடித்துக்கொண்டு போன இரண்டு மாணவர்களை விடச்சொல்லி ஊர்ச் சுவர்களில் சுவரொட்டிகள் தோன்றின. என்னை இராணுவ முகாமுக்கு அழைத்தார்கள். அடிக்கவில்லை. கதிரை தந்தார்கள், பால் விட்ட தேநீர் தந்தார்கள். அதிகாரி சுவரொட்டியை மேசையில் விரித்து, "மாஸ்டர், இது யாருடைய கை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பயந்தேன். ஆனால் பயம் மட்டும் இல்லை. என் வித்தையை மதித்து ஒருவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார் என்று ஒரு கணம் உள்ளே குளிர்ந்தது. "முதல் எழுத்துகள் நெருங்கியிருக்கின்றன. இடதுகைக்காரன் எழுதியது" என்றேன். பெயரைக் கேட்டார். சொன்னேன். தேநீரையும் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

அவனை அன்றே பிடித்தார்கள். இடது கை விரல்களை நசுக்கினார்கள். இரண்டு மூன்று வருடம் உள்ளே இருந்து வெளியே வந்து, டென்மார்க் போய்ச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். நான் சொன்னது எனக்கும் அந்த அதிகாரிக்கும் மட்டுமே தெரியும்.

கண்காட்சிக்குப் போகும் செய்தி எப்படியோ அவன் காதுக்குப் போய்விட்டது. தொலைபேசியில் கூப்பிட்டான். "மாஸ்டர் டென்மார்க் வந்து ஹோட்டலில நிக்கிறதோ? ஏன், நான் செத்தே போனன்?" மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொல்லும் எண்ணத்தோடு நான் போகவில்லை.

*

சில்க்போர்க் ரயில் நிலையத்தில் தவராசா, எங்களுக்கு என்றும் தவம், நின்றான். தலை வழுக்கை, மூக்குக்கண்ணாடி. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவன், அத்தனை சனத்துக்கு முன்னால் குனிந்து என் காலைத் தொட்டான். வலது கையால் தொட்டான். இடது கை மேற்சட்டைப் பைக்குள் இருந்தது. வீடு போய்ச் சேர்ந்த பின்னும் அது வெளியே வரவில்லை. வலது கை ஒன்றாலேயே காரை ஓட்டினான். நான் ஏரிகளைப் பார்ப்பதுபோல் பக்கத்துக் கண்ணாடிப் பக்கம் திரும்பியே இருந்தேன்.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் மே மாதம். வன்னியில் எங்கள் போர் முடிந்துகொண்டிருந்தது. எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருக்கும், ஒருவரும் அதைப் பார்க்கும் தைரியத்தில் இருக்கமாட்டார்கள். தவத்தின் மனைவி கமலாவின் தமையன் குடும்பம் உள்ளே அகப்பட்டிருந்தது. தொலைபேசி அடித்தால் அவள் எடுக்கத் தயங்குவாள். அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்ப்பாள்.

அதற்குள்ளும் எனக்குச் சமைத்திருந்தாள். கறுத்த ரை தானியப் பாணை மெல்லிய துண்டாக வெட்டி, அதன்மேல் மாசிக் கருவாட்டுச் சம்பல் வைத்துத் தந்தாள். டேனிஷ்காரர் அதன்மேல் ஈரல் பசையும் வெள்ளரிக்காயும் வைப்பார்களாம். "அவையள் கண்டால் பொலிசுக்குச் சொல்லுவினம், மாஸ்டர். எங்கட பாணைக் கெடுத்துப்போட்டினம் எண்டு" என்றாள். சிரித்தோம். பொலிசுக்குச் சொல்வது என்றதும் நான் பாணைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

மாலை உலாவப் போனோம். அங்கே அந்த மாதத்தில் மாலை வெகுநேரம் வெளிச்சமாக இருக்கும். வீட்டுக்கு வீடு யன்னல்களில் மெழுகுதிரி எரிந்தது. தெரு முழுக்க, ஆள் இல்லாத யன்னல்களில், காற்றில் அசையாத சுடர்கள். எங்கள் சனத்துக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து என் கண் நிறைந்தது.

"இல்லை மாஸ்டர்," என்றான் தவம். "இது அவையின்ர சண்டை முடிஞ்ச நாள். நாற்பத்தைந்தில, ஜெர்மன்காரன் பிடிச்சு வைச்சிருந்தது முடிஞ்சு. அண்டைக்கு வெளிச்சம் தெரியாமல் போட்டிருந்த யன்னல் மறைப்பெல்லாத்தையும் கிழிச்சுப்போட்டு விளக்கு வைச்சவையாம். இப்பவும் வருசா வருசம் வைக்கினம்."

எங்கள் சண்டை முடிந்தால் யார் எந்த யன்னலில் விளக்கு வைப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

இராச்சாப்பாட்டின்போதுதான் அது வந்தது. வன்னிச் சனத்துக்காகக் கொப்பன்ஹேகனில் நடக்கப்போகும் ஊர்வலத்துக்குத் தங்கள் கார்க் கராச்சில் பதாகைகள் எழுத ஹொல்ஸ்டெப்ரோ ஊரில் இருந்தும் ஆட்கள் வருவார்கள் என்றாள் கமலா. தவம் கரண்டியை வைத்தான். "யோகன் வந்தால் நான் கராச்சுக்குள்ள நிக்கமாட்டன்."

யோகன் எனக்கும் மாணவன்தான். இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் போலத் திரிந்தவர்கள். தவம் எழுத்தின் வெளிக்கோட்டைக் கீறுவான், யோகன் உள்ளே நிறம் நிரப்புவான். பிறகு தவத்தின் தங்கை சாந்தியை யோகன் கட்டினான்.

"மச்சான் எண்டு சொல்ல வாய் கூசுது மாஸ்டர்," என்றான் தவம். "அண்டைக்கு ரெண்டு பேரையும் பிடிச்சவங்கள். அவனை அடுத்த நாளே விட்டிட்டாங்கள். என்னை விடேல்லை. சுவரொட்டி எழுதினது ஆரெண்டு அவனைத் தவிர ஒரு குஞ்சுக்கும் தெரியாது. கணக்குச் சரிதானே?"

தங்கை கலியாணத்துக்கு அவன் போகவில்லை. ஒரே நாட்டில், இரண்டு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இருந்துகொண்டு, இத்தனை வருடமும் தங்கையோடு பேச்சில்லை. ஹொல்ஸ்டெப்ரோவில் யோகனைக் கோயில் திருவிழாவுக்குக்கூட ஒருவரும் கூப்பிடுவதில்லையாம். 'காட்டிக்கொடுத்தவன்' என்பதுதான் அவனுக்கு அங்கே பெயர்.

"சரிதானே மாஸ்டர்?" என்றான் மறுபடியும்.

"ம்" என்றேன்.

முகாமில் சொன்னதை காலத்தின் மேலும் பயத்தின் மேலும் போடலாம். இந்த 'ம்'மை எதன்மேல் போடுவது?

*

மறுநாள் ரயிலில் ஓல்போர்க். தவத்தின் மகள் அபிராவும் வந்தாள். டென்மார்க்கில் பிறந்தவள், மருத்துவமனையில் வேலை. தகப்பன் தமிழில் கேட்பான், அவள் டேனிஷில் பதில் சொல்வாள், இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. என்னோடு மட்டும் மெதுவாகத் தமிழ் பேசினாள்.

தெரியாமல் அமைதிப் பெட்டியில் ஏறிவிட்டோம். அதில் பேசக்கூடாது, கைத்தொலைபேசி அடிக்கக்கூடாது. கமலாவின் அழைப்பு வந்தது. தவம் எடுத்து, "என்ன? கொண்ணை கதைச்சவரோ? கதைக்கேல்லையோ?" என்று கத்தினான். எதிரே இருந்தவர் ஒரு சொல்லும் சொல்லாமல் சுவரில் இருந்த படத்தை விரலால் காட்டினார். உதட்டின் மேல் வைத்த ஒரு விரல். பயணம் முழுவதும் அந்தப் படம் என் தலைக்கு நேரே இருந்தது.

கண்காட்சி நன்றாகவே இருந்தது. பருத்தியும் பட்டும் கட்டுப்பாட்டில் இருந்த நாட்களின் ஒடுங்கிய பாவாடைகள். தொழிற்சாலைக்குப் போன பெண்களின் காற்சட்டையும் தலைத்துணியும். காலுறை கிடைக்காத காலத்தில் பெண்கள் காலுறை போட்டதுபோல் தெரிய வெறுங்காலின் பின்புறம் புருவ மையால் தையல்கோடு கீறிக்கொண்டார்கள் என்று ஒரு படம். எனக்கு அது புதிதல்ல. அமெரிக்காவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலையில் ஆணி அடித்தவள். கோடு நேராக வரத் தங்கையைக் கொண்டு கீறுவிப்பாளாம். பொரித்த கொழுப்பைத் தகரத்தில் சேர்த்து, வெடிமருந்து செய்யவென்று கசாப்புக் கடையில் கொடுக்கும் பழக்கத்தைச் சண்டை முடிந்து பல வருடமாகியும் அவளால் விட முடியவில்லை. தகரம் நிறையும், வாங்க ஆள் இல்லை, கொட்டுவாள், மறுபடி சேர்ப்பாள்.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மாச்சாக்கில் தைத்த சட்டைகள். ஏழை வீட்டுப் பெண்கள் சாக்கில் உடுப்புத் தைக்கிறார்கள் என்று தெரிந்ததும் மா ஆலைக்காரர் சாக்குத் துணியிலேயே பூப்போட்டு அச்சடித்தார்களாம்.

"எங்களுக்குப் பூப்போட்டுத் தரேல்லையே" என்றான் தவம். எங்கள் ஊரில் கோதுமை மாவுக்கே அமெரிக்கன் மா என்றுதான் பெயர். "என்ர முதல் காற்சட்டை அந்தச் சாக்குத்தான் மாஸ்டர். எவ்வளவு தோய்ச்சாலும் அச்சுப் போகாது. பின்பக்கத்தில ரெண்டு கை குலுக்கிக்கொண்டு நிண்டது. நான் குனிஞ்சால் அமெரிக்காவும் இலங்கையும் சினேகிதம்!"

அபிரா சத்தமாகச் சிரித்தாள். அவன் சந்தோஷமாக இருந்தான். என்னோடு ஒரு கண்காட்சி பார்ப்பது அவனுக்குப் பாடசாலை நாள் திரும்பியதுபோல. ஒவ்வொரு சுவரொட்டிக்கு முன்னும் நின்று, "இதில நிழல் எந்தப் பக்கம் மாஸ்டர்?" என்று கேட்டான்.

அப்படித்தான் அந்தச் சுவரொட்டிக்கு முன்னால் வந்து சேர்ந்தோம். பாதி திறந்த ஒரு வாய். அதன் அடியில் சின்னதாக, மூழ்கும் கப்பல். கண்டபடி பேசாதே என்று தன் சனத்துக்கே அரசு சொன்ன சுவரொட்டி. மாணவனாக இதைப்போன்ற ஒன்றைப் பார்த்து நான் பிரதி எடுத்திருக்கிறேன். வாயின் சிவப்பை மட்டுமே அன்று கவனித்தேன்.

தவம் வெகுநேரம் நின்றான். "யோகனை இதுக்கு முன்னால கொண்டுவந்து நிப்பாட்டோணும்" என்றான். நான் அடுத்த அறைக்கு நடந்தேன்.

அங்கே பரசூட் துணியில் தைத்த கலியாணச் சட்டை ஒன்று தொங்கியது. முன்னால் இரண்டு டேனிஷ் மூதாட்டிகள். அவர்கள் பேசியதை அபிரா என் காதில் சொன்னாள்.

"அக்காவிடம் இதே துணியில் ஒரு சட்டை இருந்தது. வயலில் விழுந்த பரசூட். சண்டை முடியும்வரை அவள் போடவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் ஜெர்மன்காரனிடம் சொல்லிவிடுவான் என்று பயம்."

"அவனைப் பிறகு என்ன செய்தார்கள்?"

"சண்டை முடிந்ததும் லொறியில் ஏற்றினார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி. நாங்கள் பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஓடினோம். திரும்பி வந்த பிறகு சாகும்வரை அவனோடு ஒருவரும் கதைக்கவில்லை."

"செய்யத்தானே வேணும்" என்றான் பின்னால் வந்து நின்ற தவம்.

கடைசி அறையில் ஒரு வாங்கில் உட்கார்ந்தேன். அது சண்டைக்குப் பிந்திய அமெரிக்கா. வெளிர்பச்சைச் சமையலறை, ஆள் உயரக் குளிர்சாதனப் பெட்டி, இத்தனை நாள் துணிப்பஞ்சத்துக்குப் பழி தீர்ப்பதுபோல் விரிந்து நிற்கும் பாவாடைகள். ஒரு பெரிய ஓவியம், மையை அள்ளித் தெளித்து விசிறியது. எழுத்தில்லை, உருவமில்லை. கையே தெரியாத ஓவியம் என்பார்கள். பார்த்துக்கொண்டே இருந்தபோது, தெளித்தவன் எங்கே நின்றான், எந்தத் தோளை வீசினான் என்று எனக்குத் தெரியத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

*

அடுத்த நாள் தவத்தின் கராச்சில் பதாகை வேலை. காரை வெளியே விட்டு, பலகை மேசையில் வெள்ளை மட்டைகளைப் பரப்பியிருந்தான். டேனிஷ் வாசகங்களை அபிரா எழுதி முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

"தமிழை நீங்கள் எழுதோணும் மாஸ்டர். என்ர வலக்கைக்கு இன்னும் எழுத்து வசப்படேல்லை."

'எங்கள் சனங்களைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதச் சொன்னான். எழுதினேன். எழுபத்தெட்டு வயதுக் கை. தொடக்கத்தில் தாராளமாகப் போன எழுத்து, 'காப்பாற்றுங்கள்' வந்ததும் மட்டையின் ஓரத்தில் முட்டி நெரிந்தது.

தவம் சிரித்தான். "கடைசியில இடம் காணேல்லை. நான் எண்டால் முதல்ல எல்லோ நெருக்கியிருப்பன்!"

"தெரியும்," என்றேன். "அதை வைச்சுத்தான் நான் சொன்னனான்."

வாயிலிருந்து எப்படி விழுந்தது என்று இன்றும் தெரியவில்லை. முகாமில் விழுந்ததுபோலவேதான் விழுந்தது.

"எதைச் சொன்னனீங்கள்?"

பிரஷைக் கையில் பிடித்தபடியே சொன்னேன். மேசையில் விரித்த சுவரொட்டி, ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், பெயர். யோகன் ஒன்றும் சொல்லியிருக்க அவசியமே இல்லை, அவர்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள் என்றேன். அடித்தார்களா என்று அவன் கேட்டான். இல்லை என்றேன்.

"பேந்து?"

"தேத்தண்ணி தந்தவங்கள்."

தவம் இடது கையைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். நான் அதைப் பார்த்தது அப்போதுதான். பெருவிரலும் அடுத்ததும் ஒழுங்காக இருந்தன. மற்ற மூன்றும் விரல்கள் அல்ல. அவன் என்னைப் பார்க்கவில்லை. அதைத்தான் பார்த்தான்.

"எனக்கு அவங்கள் தண்ணியும் தரேல்லை" என்றான்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. கதவடிக்குப் போனவன் திரும்பாமலே சொன்னான்.

"பிரஷைக் கழுவி வையுங்கோ. காஞ்சுபோம்."

*

அன்று பின்னேரம் முழுவதும் கொடுத்த அறையில் இருந்தேன். வீட்டுக்குள் தமிழிலும் டேனிஷிலும் குரல்கள் உயர்ந்தன, தாழ்ந்தன. ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து உட்கார்ந்தேன். அந்த மாதத்தில் எங்கள் சனத்தின் கோபத்துக்குப் போக இடமில்லாமல் இருந்தது. காட்டிக்கொடுத்தவன் ஒருவன் கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். உயிர்மேல் இன்னும் இவ்வளவு ஆசை இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

காலையில் தவம் இல்லை. முதியோர் இல்லச் சமையலறையில் அவனுக்கு விடிகாலை வேலை. கமலா என் முன்னால் பாணும் சம்பலும் வைத்தாள். எங்கள் வீடுகளில் பகையாளி வந்தாலும் சோறு வைப்போம். ஆனால் "சாப்பிடுங்கோ" என்று அவள் சொல்லவில்லை. சொல்லாத வீட்டில் எப்படிக் கை நனைப்பது? பாணைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"யோகனைப் பார்க்கப் போகவேணும்" என்றேன்.

கமலா மகளைப் பார்த்தாள். அபிரா சொன்னாள். "நான் கூட்டிக்கொண்டு போறன். எனக்கு வீடு தெரியும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

அபிரா டேனிஷில் ஏதோ சொன்னாள். கமலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அத்தை வீட்டுக்கு அவள் வருடக்கணக்காகப் போய்வருகிறாள்.

ஹொல்ஸ்டெப்ரோ பேருந்தில் நான் களைத்துக் கம்பியில் சாய, நிறுத்தும் மணி அடித்துவிட்டது. சாரதி வெறும் வயல்வெளியில் நிறுத்திக் கதவைத் திறந்தார். இறங்கவோ ஏறவோ ஒருவரும் இல்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாரதி ஏதோ சொல்ல, பேருந்து சிரித்தது. "மாடு ஏறுமெண்டு காத்திருந்தாராம், அதுக்கும் மனமில்லையாம்" என்றாள் அபிரா. இத்தனை கண்களுக்கு முன்னால் நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்கு அங்கேயே ஒத்திகை ஆயிற்று.

யோகன் குண்டாகிவிட்டான். கதவைத் திறந்ததும், "என்ன மாஸ்டர், கப்பல் கரை மாறி வந்திட்டுதோ? நான் தீண்டத்தகாத ஆளெல்லோ" என்றான். சாந்தி பின்னால் நின்றாள். நான் உட்காரவில்லை. நின்றபடி சொன்னேன்.

அவன் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது, எடுக்க மறந்ததுபோல. பிறகு சோபாவில் இருந்தான்.

"மாஸ்டர், அண்டைக்கு எனக்கு விழுந்த அடியில நான் என்ன சொன்னன், என்ன சொல்லேல்லை எண்டு எனக்கே தெரியாது. தவம் என்னைக் குற்றஞ்சொல்லேக்கை நான் ஏன் எதிர்த்துக் கதைக்கேல்லை தெரியுமோ? ஒருவேளை நான்தான் சொல்லிப்போட்டனோ எண்டு. சாந்தியைக் கேளுங்கோ. நித்திரையில எழும்பி, 'நானோ சொன்னனான், நானோ?' எண்டு கேப்பன்."

சாந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒருவனுக்குத்தான் பாவம் செய்தேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். யோகன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"எனக்குச் சொல்லி என்ன காணும்? ஊருக்கெல்லோ தெரியோணும். ஞாயிற்றுக்கிழமை இஞ்சை மண்டபத்தில ஊர்வல விசயமாச் சனம் கூடும். அங்க சொல்லுவீங்களோ?"

"ஓம்" என்றேன்.

*

ஞாயிறுவரை அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். காட்டிக்கொடுத்தவனின் வீட்டில் காட்டிக்கொடுத்தவன். சாந்தி "சாப்பிடுங்கோ" என்று சொன்னாள். ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தாமதித்துத்தான் சொன்னாள். அந்தத் தாமதத்துக்கும் நான் கடமைப்பட்டவன்.

மண்டபத்தில் பதாகைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஊர்வலத்துக்கான அறிவித்தல்கள் முடிந்ததும் யோகன் என்னை முன்னால் கூட்டிப்போனான். அவன் மேடைப்பக்கம் நடந்ததற்கே சனம் முணுமுணுத்தது. நான் பேசினேன். அலங்காரம் ஒன்றும் இல்லாமல், இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்தில் தொடங்கி.

"இந்தக் கிழவனை ஆர் இஞ்சை கூட்டிவந்தது?" என்று ஒருவர் எழும்பினார். நாற்காலிகள் உரசின. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டு, எல்லாம் அழியிற நேரத்தில வந்து சொல்லுறார். ஆருக்கு வேணும் இப்ப?" என்று அழுதாள். ஒருவன் என் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். யோகன் அவன் மணிக்கட்டைப் பிடித்து எடுத்தான். "ஆரும் கை வைக்கப்படாது. இவர் முழுக்கச் சொல்லி முடிக்கோணும். நான் எவ்வளவு நாள் காத்திருந்தனான்!" அது எனக்கான பரிவு அல்ல. அது அவனுடைய உரிமை.

சொல்லி முடித்தேன். யாரும் கைகுலுக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை. ஒருவர் மட்டும் யோகனுக்குப் பக்கத்தில் போய், "தேத்தண்ணி ஊத்தியிருக்கு, வாங்கோவன்" என்றார். அவ்வளவுதான். அவன் அந்தக் கோப்பையை வாங்கிக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

யன்னலால் பார்த்தேன். வாகனத் தரிப்பிடத்தில் தவத்தின் கார். அவன் உள்ளே வரவில்லை. சாந்தி அதை நோக்கி நடந்துபோனாள். வெகுநேரம் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். பிறகு கண்ணாடி இறங்கியது.

*

லண்டன் திரும்பிச் சில நாட்களில் போர் முடிந்தது. யன்னல்களில் யாரும் விளக்கு வைக்கவில்லை. கமலாவின் தமையன் ஒரு முகாமில் இருப்பதாகத் தகவல் வந்ததாம், பிள்ளைகளோடு, மனைவி இல்லாமல். நான் மண்டபத்தில் சொன்ன செய்தி எனக்கு முன்பே லண்டன் வந்துவிட்டிருந்தது. என் மகள் சில வாரம் என்னோடு பேசவில்லை. சஞ்சிகைக்காரர் இனி எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இது வேறிடத்தில் வருகிறது. தவம் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

ஊர்வலத்துப் படம் ஒன்றை அபிரா அனுப்பியிருந்தாள். கொப்பன்ஹேகன் தெரு, மழை, சனக்கூட்டம், நிறையப் பதாகைகள். நான் கராச்சில் எழுதியது அதில் இல்லை. தவமும் யோகனும் ஒரே படத்தில், இருவருக்கும் நடுவில் வேறு மூன்று பேர். ஒரு பதாகை மற்றவற்றைவிட உயர்ந்து நின்றது. வெளிக்கோடு நடுங்கியிருந்தது. ஆனால் உள்ளே நிறம் சீராக, கரையைத் தாண்டாமல் நிரம்பியிருந்தது. 'எங்கள்' என்ற முதற்சொல் இடம் போதாமல் ஓரத்தில் நெரிந்திருந்தது. 'காப்பாற்றுங்கள்' தாராளமாக விரிந்திருந்தது.

அன்று பின்னேரம் அபிரா தொலைபேசியில் கேட்டாள். "உயரமாப் பிடிச்சிருக்கிற பதாகை தெரியுதா தாத்தா? அது ஆர் எழுதினது, சொல்லுங்கோ பாப்பம்."

படத்தைக் கண்ணுக்குக் கிட்டவாகப் பிடித்தேன்.

"தெரியாது, பிள்ளை" என்றேன்.